முகம் மீட்ட மருத்துவம்: வரலாற்றில் சில ஏடுகள்



 



அடுப்புத் தீயில் முகமும் கழுத்தும் வெந்துபோன ஒரு பெண். பிளவுபட்ட மேலுதட்டுடன் பிறந்த ஒரு குழந்தை. விபத்தில் மூக்குச் சிதைந்த ஓர் இளைஞர். இத்தகையோர் எந்த ஊரிலும் எந்த மஹல்லாவிலும் இருக்கின்றனர். ஆயினும் நம் கண்களில் அவர்கள் படுவது அரிது. திருமண வீட்டிற்கு வருவதில்லை. பள்ளிக்கூடம் பாதியில் நின்றுவிடுகிறது. வீட்டின் உள்ளறையே அவர்களுடைய உலகமாகிவிடுகிறது. சிகிச்சைக்கு அழைத்துச் செல்லலாமே என்று சொன்னால் பெரியவர்களிடமிருந்து ஒரு கேள்வி எழுகிறது: "அல்லாஹ் விதித்ததை மாற்றலாமா? படைப்பில் கை வைக்கலாமா?"

இது இறையச்சத்திலிருந்து எழும் கேள்வி, எனவே மதிப்பிற்குரியது. ஆனால் இதற்கான விடை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மார்க்கத்தில் கிடைத்துவிட்டது என்பதையும், அவ்விடையின் வழிநின்று முஸ்லிம் மருத்துவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் நம்மில் பலர் அறியோம். சிதைந்த உறுப்பைச் சீரமைக்கும் இம்மருத்துவத்தைப் பிளாஸ்டிக் சர்ஜரி என்கிறோம். அப்பெயரைக் கேட்டு, பிளாஸ்டிக் பொருளை உடலில் வைத்துத் தைப்பார்கள் போலும் என்று அஞ்சுவோரும் உளர். "வனைதல்", "உருக்கொடுத்தல்" என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நாம் அறிந்த பிளாஸ்டிக் பொருள் உருவாவதற்கு முன்பே மருத்துவ நூல்களில் இடம்பெற்ற பெயர்.

அர்ஃபஜா (ரலி) அவர்களின் மூக்கு

அறியாமைக் காலத்தில் நடைபெற்ற குலாப் போரில் அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் தம் மூக்கை இழந்தார்கள். பிற்காலத்தில் வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக் கொண்டார்கள். ஆனால் அது நாற்றமெடுத்தது. இதனையறிந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், பொன்னால் மூக்குச் செய்து அணிந்து கொள்ளுமாறு அவருக்குக் கட்டளையிட்டார்கள். இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய மூன்று நூல்களிலும் பதிவாகியுள்ளது.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஆண்களுக்குப் பொன் அணிவது தடுக்கப்பட்டது. அத்தடை நடப்பில் இருக்கும்போதே, சிதைந்த முகத்தைச் சீராக்கும் தேவைக்காக அதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. இரண்டாவது, "இது உம் விதி, பொறுத்துக்கொள்ளும்" என்று அவர் திருப்பி அனுப்பப்படவில்லை. முதல் முயற்சி பலிக்காதபோது அதைவிடச் சிறந்த வழி காட்டப்பட்டது. மூன்றாவது, இச்செய்தி நமக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பது. இதனை அறிவிப்பவர் அர்ஃபஜாவின் பேரர் அப்துர் ரஹ்மான் இப்னு தரஃபா ஆவார். பாட்டனாருக்கு நேர்ந்த குறை, செய்த சிகிச்சை, அதில் ஏற்பட்ட கோளாறு, பின்னர் செய்த மாற்றம் ஆகிய நான்கையும் அப்படியே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தார். வெள்ளி மூக்குப் பலிக்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. இக்காலத்தில் மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதும் குறிப்பிலும் இந்நான்கு செய்திகளே அடிப்படை.

பலித்ததையும் பலிக்காததையும் உள்ளபடி அறிவித்தல் என்னும் இப்பண்பே பின்னாளில் மருத்துவ ஆராய்ச்சியாக வளர்ந்தது. இதற்கு ஒரு முன்னோடி, ரய் நகரில் பிறந்து ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) மறைந்த அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ ஆவார். தாம் பார்த்த நோயாளிகளைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்புகள் அவர் மறைவுக்குப் பின் "அல்ஹாவீ" என்னும் பெருநூலாகத் தொகுக்கப்பட்டன. மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்ட நோயாளிகளுள் ஒரு சாராருக்கு இரத்தம் எடுத்தும், மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே எடுக்காமலும் விட்டு, விளைவை ஒப்பிட்டுப் பார்த்ததாக அவர் குறித்திருக்கிறார். இரத்தம் எடுத்தல் உண்மையில் அந்நோய்க்கு மருந்தாகாது என்பதை இன்று நாம் அறிவோம். எனினும், கேள்விப்பட்டதை நம்பாமல் ஒப்பிட்டு அறிய வேண்டும் என்ற எண்ணம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியது சிந்தனைக்குரியது.

குர்துபாவின் அறுவை மேதை

அந்தலூஸ் என்று வழங்கிய ஸ்பெயினில், குர்துபா நகரத்தை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் ஏறத்தாழ கி.பி. 936இல் பிறந்தவர் அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவீ. 30 பகுதிகளைக் கொண்ட "அத்தஸ்ரீஃப்" என்னும் மருத்துவக் களஞ்சியத்தை அவர் எழுதினார். அதன் இறுதிப் பகுதி முழுவதும் அறுவை மருத்துவம் பற்றியது. ஏறத்தாழ 200 கருவிகளின் வரைபடங்கள் அதில் உள்ளன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலைதோ நகரில் க்ரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு என்பவர் இப்பகுதியை இலத்தீனில் மொழிபெயர்த்தார். அதன்பின் ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் இதனைப் பயின்றனர்.

மூக்கு, உதடு, காது ஆகியவை காயத்தால் கிழிந்தால் எவ்வாறு தைப்பது என்பதற்கு அந்நூலில் தனி அத்தியாயம் உண்டு. காயம் புதிதாயின் விளிம்புகளைச் சேர்த்துத் தைக்கலாம். கிழிந்த இரு பக்கமும் தனித்தனியே ஆறிப்போயிருந்தால், விளிம்பின் மேல்தோலைக் குருதி கசியுமளவு சுரண்டிவிட்டே தைக்க வேண்டும். ஆறிப்போன தோலோடு தோல் ஒட்டாது. இன்று பிளவுபட்ட உதட்டைச் சீரமைக்கும் மருத்துவரும் பிளவின் விளிம்பைப் புதிதாக அறுத்த பிறகே தைக்கிறார். ஆடிப்போன பற்களை உலோகக் கம்பியால் கட்டும் முறையை விளக்குமிடத்தில், வெள்ளியைவிடப் பொன்னே மேல் என்கிறார் அஸ்ஸஹ்ராவீ. வெள்ளி சில நாட்களில் நிறம் மாறிக் கெடும். பொன் மாறாது என்பது அவர் கூறும் காரணம். அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தியை இங்கு நினையாமல் இருக்க முடியாது. இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களும் அந்த ஹதீஸைப் பதிவு செய்த இடத்திலேயே, அறிஞர்கள் பலர் தம் பற்களைப் பொன்னால் கட்டிக் கொண்டதற்கு இதுவே ஆதாரம் எனக் குறித்துள்ளார்கள்.

அஸ்ஸஹ்ராவீயின் பெருமை கருவிகளால் மட்டும் வந்ததன்று. தம் அறுவை நூலின் முன்னுரையில், தம் காலத்து மருத்துவர்கள் செய்த தவறுகளை அவர் அடுக்கிக் காட்டுகிறார். உடற்கூறு அறியாத ஒருவர் ஒரு பெண்ணின் கழுத்துக் கழலையை அறுக்கப்போய் இரத்தக் குழாய்களை வெட்டிவிட்டார். குருதி பெருகி அப்பெண் அங்கேயே மாண்டாள். மற்றொருவர் முதியவர் ஒருவரின் பெரிய சிறுநீர்க்கல்லை எடுக்க முனைந்து சிறுநீர்ப்பையையே சிதைத்தார். நோயாளி மூன்றாம் நாளளவில் இறந்தார். அம்முதியவருக்குச் சிகிச்சை செய்யத் தம்மையே முதலில் அழைத்தார்கள் என்றும், கல்லின் அளவையும் அவருடைய உடல்நிலையையும் கண்டு தாம் மறுத்துவிட்டதாகவும் அஸ்ஸஹ்ராவீ எழுதுகிறார். எதைச் செய்யக்கூடாது என்று அறிந்து விலகி நிற்பதும் மருத்துவமே.

அவர் நேரில் கண்டு எழுதிய ஒரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. பணிப்பெண் ஒருத்தி கத்தியால் தன் தொண்டையை அறுத்துக்கொண்டாள். அவர் சென்று பார்த்தபோது காயத்தின் வழியே மூச்சுக்காற்று வெளியேறிக் கொண்டிருந்தது. பெரிய இரத்தக் குழாய் எதுவும் அறுபடவில்லை என்பதைக் கண்டறிந்து உடனே காயத்தைத் தைத்தார். அவள் பிழைத்தாள், குரல் கம்மியது தவிர வேறு குறையில்லை. இதிலிருந்து, மூச்சுக்குழலில் ஏற்படும் காயம் உயிருக்கு ஆபத்தானதன்று என்னும் முடிவுக்குத் தாம் வந்ததாக அவர் எழுதினார். ஒரு நோயாளியைக் கூர்ந்து நோக்கி, அதிலிருந்து மற்றவர்களுக்குப் பயன்படும் பாடம் எடுப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அக்கால நூல்களில் அரிது.

அனதோலியாவின் சித்திர நூல்

அஸ்ஸஹ்ராவீயின் நூல் கிழக்கேயும் பரவியது. இன்றைய துருக்கியிலுள்ள அமாஸ்யா நகர மருத்துவமனையில் பணியாற்றிய ஷரஃபுத்தீன் ஸபூன்ஜூஒக்லு, 1465இல் "ஜர்ராஹிய்யத்துல் ஹானிய்யா" என்னும் அறுவை நூலைத் துருக்கி மொழியில் எழுதி, இஸ்தான்பூலை வென்ற சுல்தான் முஹம்மது அவர்களுக்குக் காணிக்கையாக்கினார். பெரும்பகுதி அஸ்ஸஹ்ராவீயின் வழியே சென்றாலும், தம் சொந்த அனுபவங்களையும் சேர்த்திருக்கிறார். கருவிகளை மட்டுமன்றி, நோயாளியை எப்படி அமர்த்துவது, மருத்துவரின் கை எங்கிருக்க வேண்டும் என்பதையும் வண்ணச் சித்திரங்களாகத் தீட்டிக் காட்டியது இந்நூலின் சிறப்பு. பெண் மருத்துவர்கள் சிகிச்சை செய்யும் காட்சிகளும் அதில் உள்ளன. அரபியறியாத மருத்துவர்களும் பயன்பெறத் தாய்மொழியில் எழுதினார் என்பது நம் கவனத்திற்குரியது.

உஸ்மானியர் ஆட்சியில் மற்றொரு நல்வழக்கமும் இருந்தது. ஆபத்தான அறுவைக்கு முன், நோயாளியோ அவருடைய உறவினரோ மருத்துவருடன் காழீயின் முன் தோன்றி, சாட்சிகள் அறிய உடன்படிக்கை செய்து கொள்வர். இன்ன நோய், இன்ன கூலி, உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பது தெரிந்தே சம்மதிக்கிறோம், அவ்வாறு நேர்ந்தால் இரத்தப் பணம் கோரமாட்டோம் என்பன நீதிமன்றப் பதிவேட்டில் எழுதப்பட்டன. கல்லெடுப்பு, குடலிறக்க அறுவைகள் தொடர்பான இத்தகைய பதிவுகள் இன்றும் உள்ளன. இன்று மருத்துவமனையில் நாம் கையொப்பமிடும் ஒப்புதல் படிவத்தை வெறும் சடங்காக எண்ணுகிறோம். முன்னோர் அதனைச் சாட்சிகளோடு கூடிய அமானிதமாகக் கருதினர்.

புனேயிலிருந்து இலண்டனுக்கு

இழந்த மூக்கை உடலின் தோலைக் கொண்டே மீண்டும் வனையும் கலை நம் இந்தியத் திருநாட்டில் தோன்றியது. கன்னத்துத் தோலை எடுத்து மூக்கை அமைக்கும் முறை சுஸ்ருத சம்ஹிதையில் கூறப்பட்டுள்ளது. கலீஃபா ஹாரூன் ரஷீதின் அமைச்சர் யஹ்யா இப்னு காலித் அல்பர்மகீயின் ஆணைப்படி, மன்கா என்னும் இந்திய மருத்துவர் அந்நூலை மொழிபெயர்த்தார் என்று இப்னுந் நதீம் தம் "அல்ஃபிஹ்ரிஸ்த்" நூலில் குறிப்பிடுகிறார். இந்து மருத்துவ நூலைப் பாக்தாத் தேடிப் பெற்றுக் கொண்டது. அறிவு எங்கிருந்து வந்தாலும் ஏற்பதில் நம் முன்னோர் தயங்கவில்லை.

ஐரோப்பிய மருத்துவர்கள் நெற்றித் தோலால் மூக்கை அமைக்கும் இந்திய முறையைக் கையாளத் தொடங்கியதற்கு ஒரே ஒரு நோயாளியின் வரலாறு காரணமாயிற்று. கவாஸ்ஜி என்னும் மராட்டியர் ஆங்கிலேயர் படையில் மாட்டுவண்டி ஓட்டியாக இருந்தவர். 1792ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானால் சிறைபிடிக்கப்பட்டு, அவருடைய மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டதாக ஆங்கிலேயர் குறிப்புக் கூறுகிறது. எழுதியவர்கள் எதிரணியினர் என்பதை மறக்க வேண்டியதில்லை. எனினும் அங்கங்களைச் சிதைப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் போரிலும் தடுத்துள்ளார்கள். ஆகவே யார் செய்திருப்பினும் அது தவறே. நமக்கு வேண்டியவர் என்பதற்காக ஒரு செய்தியை மறைப்பது, இக்கட்டுரை இதுவரை போற்றிவந்த வாய்மைக்கு முரணாகும்.

ஓராண்டுக்கு மேல் மூக்கின்றி வாழ்ந்த கவாஸ்ஜிக்கு, புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவர் சிகிச்சை செய்தார். அவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. மெழுகால் மூக்கின் அளவெடுத்து, அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடிட்டார். அக்கோட்டின் வழியே தோலை அறுத்து, இரு கண்களுக்கு நடுவே ஒரு சிறு பகுதியை மட்டும் அறுக்காமல் விட்டார். குருதி ஓட்டம் நிற்காமல் தோல் உயிரோடிருக்க அதுவே வழி. பின் தோலைத் திருப்பிக் கீழிறக்கி, மூக்கிருந்த இடத்தின் விளிம்பைப் புதிதாகக் கீறி அதனுள் பொருத்தினார். காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணித்துண்டுகளில் தடவி, ஐந்தாறு அடுக்காக ஒட்டினார். நான்கு நாட்களுக்குப்பின் அவற்றை அகற்றி நெய்யில் தோய்த்த துணியை வைத்தார். பத்தாம் நாளளவில் மூக்குத்துளை அடையாதிருக்க மென்துணி வைத்தார். ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாளில் கண்களுக்கு நடுவே விட்டிருந்த இணைப்பை அறுத்தார்.

பம்பாய் மாகாண மருத்துவர்களான குரூசோ, ஃபின்ட்லே ஆகிய இருவரும் இந்த அறுவையை நேரில் கண்டனர். இதைப் பற்றிய கடிதம் ஒன்று, கவாஸ்ஜியின் உருவப்படத்துடன் இலண்டனின் "ஜென்டில்மேன்ஸ் மேகஸின்" இதழில் 1794 அக்டோபரில் வெளிவந்தது. ஜோசப் கார்ப்யூ என்னும் இலண்டன் மருத்துவர் இம்முறையை ஆராய்ந்து, முதலில் பிணங்களில் பலமுறை பழகிப் பார்த்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருந்து, 1814 அக்டோபர் 23 அன்று ஒரு படை அதிகாரிக்கு இதனைச் செய்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. இரண்டாவதாக மற்றொருவருக்கும் செய்து, இவ்விருவரின் வரலாற்றையும் 1816இல் நூலாக வெளியிட்டார். நெற்றித் தோலால் மூக்கை அமைக்கும் இம்முறை இன்றும் உலகெங்கும் திருத்தங்களோடு கையாளப்படுகிறது.

போர்க்களமும் வேலூரும்

முதல் உலகப் போரில் முகம் சிதைந்து திரும்பிய வீரர்களுக்காக 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் என்னுமிடத்தில் தனி மருத்துவமனை திறக்கப்பட்டது. நியூசிலாந்தில் பிறந்த ஹரால்ட் கில்லிஸ் அங்கு 5000க்கும் மேற்பட்டோரைத் தம் குழுவினருடன் கவனித்தார். ஒவ்வொருவருக்கும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படமெடுத்துக் கோப்புகள் தயாரித்தார். 1920இல் அவர் வெளியிட்ட நூலில், சரியாக அமையாத அறுவைகளும் இடம்பெற்றன.

நம் தமிழகத்திலும் இத்துறையில் ஒரு பெருஞ்செயல் நிகழ்ந்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்டு, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் சதை தானாகவே அழுகி உதிர்கிறது, அதனை அறுத்தால் ஆறாது என்றே அன்று பலரும் நம்பினர். பிராண்டு நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூர்ந்து நோக்கினார். துருப்பிடித்த பூட்டைச் சாவியால் திறந்த ஒரு சிறுவன், விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்தும் வலியை உணரவில்லை. அப்போது உண்மை விளங்கியது. நோய் விரல்களைத் தின்னவில்லை. உணர்வு நரம்பைக் கொன்றது. வலியறியாத கை அன்றாட வேலைகளிலேயே வெட்டுப்பட்டும் வெந்தும் அழிந்தது. 1948 முதல், மடங்கிப்போன விரல்களை நல்ல தசைநாண்களை இடம்மாற்றி நிமிர்த்தினார். அமுங்கிய மூக்கையும், தலைத்தோலைக் கொண்டு புருவத்தையும் அமைத்தனர். கை நிமிர்ந்த பின்னும் முகத்தைக் கண்டு எவரும் வேலை தரவில்லை என்று நோயாளிகள் முறையிட்டதே அதற்குக் காரணம். ஆக, முகத்தைச் சீரமைப்பது அழகுக்கான ஆடம்பரம் அன்று. ஒருவர் உழைத்து உண்பதற்கான வழி என்பதை அவர்களே உணர்த்தினர்.

படைப்பை மாற்றுதலா, மீட்டலா?

இனி, முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். பச்சை குத்துதல், அழகுக்காகப் பல்லிடை அராவுதல் போன்றவற்றால் அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவோரைக் கண்டிக்கும் ஹதீஸ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ளது. இதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், அழகை நாடிச் செய்வதே தடுக்கப்பட்டது. சிகிச்சைக்காகவோ பல்லிலுள்ள குறையை நீக்கவோ தேவைப்பட்டால் குற்றமில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். 2007ஆம் ஆண்டு ஜூலையில் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவையும் இப்பாகுபாட்டையே உறுதி செய்தது. பிறவிக் குறை, தீக்காயம், விபத்து, நோய் ஆகியவற்றால் வந்த சிதைவைச் சீர்செய்வது ஆகும். குறையேதுமில்லாத உருவத்தை மனவிருப்பத்திற்காக மாற்றுவது ஆகாது. வெந்த முகத்தைச் சரிசெய்வது படைப்பை மாற்றுவதன்று. அல்லாஹ் படைத்த உருவை இயன்றவரை மீட்பது.

நம் கடமை

ஜமாஅத்தார் மனங்கொள்ள வேண்டியவை சில உண்டு. பிளவுபட்ட உதட்டைக் குழந்தைக்குச் சில மாதங்கள் ஆனதுமே சீரமைக்கலாம். அண்ணப் பிளவைப் பேச்சு முற்றுமுன், ஏறத்தாழ ஒன்றரை வயதிற்குள் சரிசெய்வது நல்லது. தாமதித்தால் பேச்சு திருந்துவது கடினம். தீப்புண்ணுக்கு முதலில் வேண்டுவது ஓடும் குளிர்ந்த நீர்; மாவும் பற்பசையும் பூசலாகாது. புண் ஆறியபின் கழுத்தும் விரல்களும் சுருங்கி இழுத்துக் கொண்டால் அதற்கும் சிகிச்சை உண்டு. சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்திற்கும், ஸ்டான்லி மருத்துவமனையில் 1971 முதல் கை அறுவைக்கும் தனிப்பிரிவுகள் உள்ளன. பைத்துல்மாலிலிருந்து பயணச் செலவுக்கேனும் உதவினால் ஒரு குடும்பம் துணிந்து புறப்படும்.

இன்னொன்று, மருத்துவர் நோயாளியின் குறிப்பையும் படத்தையும் ஆராய்ச்சிக்காகக் கேட்டால், எதற்கென்று விளங்கக் கேட்டு, விரும்பினால் சம்மதிக்கலாம், விரும்பாவிடில் மறுக்கலாம். மறுத்தால் சிகிச்சை குறையக்கூடாது என்பதும் நோயாளியின் உரிமை. ஆயினும், அர்ஃபஜா (ரலி) அவர்களின் பேரர் வாய் திறவாமல் இருந்திருந்தால் நமக்கு அந்த ஆதாரம் கிடைத்திருக்குமா? கவாஸ்ஜியின் உருவம் அச்சேறாமல் இருந்திருந்தால் எத்தனை முகங்கள் மீளாமல் போயிருக்கும்? ஒருவர் பட்ட துன்பம் உள்ளபடி பதிவாகும்போது, அவர் காணாத மனிதர்களுக்கும் அது பயனளிக்கிறது.

எனவே, நம் வீடுகளின் உள்ளறைகளில் ஒதுங்கியிருப்போரைத் தேடிச் செல்வோம். ஏளனச் சொல்லால் அவர்களைப் புண்படுத்தாதிருப்போம். சிகிச்சை வேண்டுவோருக்கு வழித்துணையாவோம். எத்தனை பேரை அழைத்துச் சென்றோம், எத்தனை பேருக்குப் பலித்தது, எத்தனை பேருக்கு இயலாமற் போயிற்று என்பவை வருங்கால ஆண்டறிக்கைகளில் ஒளிவின்றி இடம்பெறட்டும்.

நோயைத் தந்த அல்லாஹ்வே அதற்கு மருந்தையும் தந்துள்ளான் என்பது நபிமொழி. அம்மருந்தைத் தேடும் முயற்சியை நமக்கு எளிதாக்குவானாக! துன்புறுவோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.